அவர்களுக்கு ஆள் எங்கே குறைகிறது? வெளிநாட்டு வேலை விசா தேடும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

புதுச்சேரியில் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டு எனக்குத் தெரியும். ஒரு வீட்டுப் பேரன் பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு நினைத்தபோது பாரிஸ் போய் வருகிறான். அடுத்த வீட்டுப் பேரன் அதே பாரிசில் படிக்க, பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கையுமாக விசாவுக்கு அலைகிறான். பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. முதல் வீட்டுத் தாத்தா எழுதிக்கொடுத்தார். அடுத்த வீட்டுத் தாத்தா 'பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டார்.

விசா என்றாலே எனக்கு அந்த ஆறு மாதம்தான் ஞாபகம் வரும். ஒரு நாடு தன் வசதிக்கு ஒரு கதவைத் திறக்கிறது, தன் வசதிக்கே மூடுகிறது. திறந்திருக்கிற நேரத்தில் காகிதத்தைக் கையில் வைத்திருப்பவர் உள்ளே போய்விடுகிறார்.

நான் சிங்கப்பூரில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மஞ்சக்குப்பத்துக்கே திரும்பி வந்தவன். அதனாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு அப்பா, ஒரு பையன், ஒரு பிளாஸ்டிக் ஃபைல் என்று யாராவது வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளும் இப்போது நிறைய வருகிறார்கள், பெரும்பாலும் அம்மாவோடு. எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த நாடு சார் ஈசி?" அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். டிகிரியோ டிப்ளமோவோ முடித்து, இரண்டு மூன்று வருடமாவது வேலை பார்த்தவர்களுக்கு இது. எண்களை வருடத்தோடு தருகிறேன். பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இவை வருடா வருடம் மாறும்.

முதல் வேலை: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

எந்த நாடு ஈசி என்று கேட்பதை விட்டுவிட்டு, என் தொழிலுக்கு ஆள் கிடைக்காமல் எந்த நாடு திண்டாடுகிறது என்று கேளுங்கள். விசா ஃபார்ம் என்பது அந்த நாட்டின் மளிகைச் சீட்டு. வீட்டில் எது தீர்ந்துபோச்சோ அதைத்தான் எழுதியிருப்பார்கள்.

கனடா 1967-இல் பாயின்ட் முறையைக் கொண்டுவந்தது. அதற்குச் சில வருடம் முன்வரை எந்த நாட்டுக்காரர், எந்த இனம் என்று பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். படிப்பு, மொழி, வயது, தொழில் என்று மதிப்பெண் போட ஆரம்பித்த பிறகுதான் நமக்கு வழி பிறந்தது. ஜெர்மனி கதை இன்னும் சுவாரசியம். 2000-இல் கம்ப்யூட்டர் ஆட்கள் கிடைக்காமல் ஷ்ரோடர் அரசு 'கிரீன் கார்டு' என்று ஒரு திட்டம் போட்டது, 20,000 பேர் வரை எடுக்கலாம் என்று. உடனே யூர்கன் ருட்கர்ஸ் என்ற எதிர்க்கட்சித் தலைவரின் பேச்சிலிருந்து 'இந்தியர்களுக்குப் பதில் குழந்தைகள்' என்று ஒரு முழக்கம் கிளம்பியது. அதே ஜெர்மனி, 2024 அக்டோபரில், திறமைப் பணியாளர் என்ற கணக்கில் இந்தியர்களுக்கு வருடம் 20,000 என்று இருந்த விசாவை 90,000 ஆக்குவதாக அறிவித்தது. திடீரென்று நம் மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே ஓய்வு பெறுகிறவர்கள் அதிகம், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் குறைவு.

இந்த விசாக்களில் இரண்டு ரகம் உண்டு. இது புரியாமல் பணத்தை விட்டவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒன்று பாயின்ட் ரகம். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி, ஆஸ்திரேலியாவின் 189, 190 விசாக்கள் இந்த வகை. நம் இன்ஜினியரிங் கவுன்சலிங் மாதிரியேதான். உங்களுக்கு ஒரு மதிப்பெண், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்-ஆஃப். போன வருடக் கட்-ஆஃபைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டு, இந்த வருடம் இரண்டு மார்க் கூடியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்ட அனுபவம் உங்களில் பல பேருக்கு இருக்கும். அதே கூத்துதான் இங்கேயும். கையில் வேலை இல்லாமலே போட்டியில் நிற்கலாம்.

இன்னொன்று முதலாளி ரகம். அமெரிக்காவின் எச்1பி, பிரிட்டனின் ஸ்கில்டு ஒர்க்கர், சிங்கப்பூரின் இ பாஸ் (எம்ப்ளாய்மென்ட் பாஸ்), ஐரோப்பாவின் புளூ கார்டு எல்லாம் இதில் வரும். ஒரு கம்பெனி 'இந்த ஆள் எனக்கு வேண்டும்' என்று சொல்ல வேண்டும். இவ்வளவு சம்பளத்துக்குக் குறையக்கூடாது என்று அரசாங்கம் ஒரு கோடு போட்டு வைத்திருக்கும். இங்கே விசாவைத் தேடி அலைவது வீண், வேலையைத் தேடினால் விசா பின்னாலேயே வரும். "இ பாஸ் வாங்கித் தரேன், அப்புறம் அங்க போய் வேலை தேடிக்கலாம்" என்று யாராவது சொன்னால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது: ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் ஜாதகம்

வயது, படிப்பு, காகிதத்தில் காட்ட முடிந்த வேலை அனுபவம், மொழி, வங்கியில் இருக்கும் பணம். இந்த ஐந்தையும் எழுதுங்கள். 'காகிதத்தில் காட்ட முடிந்த' என்ற மூன்று வார்த்தையைக் கவனியுங்கள். சம்பளத்தைக் கையில் வாங்கி, பி.எஃப். பிடிக்காமல், லெட்டர்ஹெட்டே இல்லாத இடத்தில் பார்த்த நான்கு வருட வேலை இந்தக் கணக்கில் வராது. வயிற்றெரிச்சல்தான், ஆனால் அப்படித்தான்.

வயதுதான் இருப்பதிலேயே விலை உயர்ந்த சரக்கு. கனடாவில் துணை இல்லாமல் விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயது வரை 110 பாயின்ட். 30-இல் 105, 33-இல் 88, 35-இல் 77, 40-இல் 50 என்று இறங்கி, 45-இல் பூஜ்யம். ஆஸ்திரேலியாவின் பாயின்ட் விசாக்களுக்கு 45 வயதுக்குள் அழைப்பு வந்தாக வேண்டும். 'தங்கச்சி கல்யாணம் முடியட்டும்' என்று 31-லிருந்து 34 வரை தள்ளிப்போட்டால் கனடா கணக்கில் 99 என்பது 83 ஆகிவிடும். கல்யாணத்தை நடத்துங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது. அந்த மூன்று வருடத்தில் பரீட்சையையும் காகிதத்தையும் முடித்துவையுங்கள்.

கனடா: அரை மார்க் செய்யும் வேலை

கனடாவுக்குப் போகிறவர்கள் முதலில் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், பெரும்பாலோர் எழுதுவது ஐ.இ.எல்.டி.எஸ். அதிலும் 'ஜெனரல்' தாள்தான், 'அகாடமிக்' எழுதிவிட்டு வந்து நிற்காதீர்கள். குறி வைக்க வேண்டிய மதிப்பெண் லிசனிங் 8, ரீடிங் 7, ரைட்டிங் 7, ஸ்பீக்கிங் 7. இதைத்தான் அவர்கள் மொழி அளவுகோலில் 9-ஆம் நிலை என்கிறார்கள்.

போன வருடம் வந்த ஒரு பையன், ஒற்றை டிகிரி, மூன்று வருடத்துக்கு மேல் அனுபவம். எல்லாம் சரியாக இருக்கிறது, ரைட்டிங்கில் மட்டும் 6.5. "அரை மார்க்தானே சார்" என்றான். உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அந்த ஒரு பாடத்தில் 31 கிடைக்க வேண்டியது 23 ஆனது, 8 போச்சு. நான்கிலும் 9-ஆம் நிலை இருந்தால் படிப்பையும் மொழியையும் சேர்த்து ஒரு கூடுதல் மதிப்பெண் கொடுப்பார்கள். அது 25-லிருந்து 13 ஆனது, 12 போச்சு. அனுபவத்தையும் மொழியையும் சேர்த்துக் கொடுப்பது 50-லிருந்து 25 ஆனது, 25 போச்சு. மொத்தம் 45. அரை மார்க்குக்கு 45 பாயின்ட். பையன் அன்று சாயங்காலமே மறுபடி பரீட்சைக்குப் பணம் கட்டினான். இந்தப் பரீட்சை முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் ரொம்ப முன்னாலேயும் எழுதிவிடக்கூடாது.

அப்புறம் இன்னொரு சேதி. கனடாவில் வேலை உறுதிக் கடிதம் இருந்தால் முன்பு கூடுதல் பாயின்ட் உண்டு. 2025 மார்ச் 25-ஓடு அதை எடுத்துவிட்டார்கள். காசுக்குப் பொய் ஆஃபர் லெட்டர் விற்பது பெருகியதுதான் காரணம். இன்றைக்கும் அந்த லெட்டரை லட்சக்கணக்கில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மாகாண அரசு ஒன்று உங்களை நேராகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் 600 பாயின்ட் மொத்தமாக வரும்.

புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க

நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கும் பொருள் ஒன்று உண்டு, பிரெஞ்சு. கனடாவில் பிரெஞ்சு மாகாணமான கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்று அரசுக்குக் கவலை. அதனால் 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு மட்டும் தனிச் சுற்று நடத்துகிறார்கள். 2024 பிப்ரவரி கடைசியில் நடந்த பிரெஞ்சுச் சுற்றின் கட்-ஆஃப் 336. அந்தச் சமயத்தில் பொதுச் சுற்றுகள் 500-க்கு மேல் நின்றன. இதோடு, பிரெஞ்சில் நான்கு திறனிலும் 7-ஆம் நிலை, ஆங்கிலத்தில் 5-ஆம் நிலை இருந்தால் 50 பாயின்ட் தனியாகச் சேரும். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாக்கள் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த பாஷைக்கு இவ்வளவு மவுசு.

ஆனால் ஒரு சிக்கல். புதுச்சேரியில் பல பிள்ளைகள் அலியான்ஸ் பிரான்சேசில் படித்து டெல்ஃப் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு அது செல்லாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற இரண்டு பரீட்சையில் ஒன்றைத்தான் ஏற்பார்கள். பி2, அதாவது மேல் நடுநிலை, வரை படித்தவர்களுக்கு இந்தப் பரீட்சை பெரிய மலை இல்லை, அதன் கேள்வி முறைக்குப் பழகினால் போதும். முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு வேலைக்குப் போய்க்கொண்டே படித்தால் ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். கடலூரிலிருந்து பஸ்ஸில் வாரம் மூன்று நாள் போய்ப் படித்தவர்கள் உண்டு. கன்னியக்கோவிலில் டிராபிக்கில் நிற்கும் நேரத்தில் வினைச்சொல் மனப்பாடம் ஆகிவிடும்.

பிரான்சுக்கே போக விரும்பினால், 2016-இல் வந்த 'தாலான்' அனுமதியைப் பாருங்கள். நான்கு வருடம் வரை கொடுப்பார்கள், கணவன் அல்லது மனைவியும் அங்கே வேலை பார்க்கலாம். வேலை ஒப்பந்தம் கையில் வேண்டும்.

ஜெர்மனி, சிங்கப்பூர், மற்றவை

ஜெர்மனிக்கு இரண்டு வாசல். வேலை கிடைத்துவிட்டால் புளூ கார்டு. 2025-இல் இதற்கு வருடச் சம்பளம் 48,300 யூரோ இருக்க வேண்டியிருந்தது. ஆள் பற்றாக்குறைத் தொழில் என்றாலோ, படிப்பு முடித்து மூன்று வருடத்துக்குள் என்றாலோ 43,759.80 யூரோ போதுமாக இருந்தது. கம்ப்யூட்டர் துறையில் டிகிரி இல்லாமல் மூன்று வருட அனுபவத்தோடு போகவும் வழி இருக்கிறது. உள்ளே போன பிறகு ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) தெரிந்தால் 27 மாதத்திலும், பி1 (நடுநிலை) தெரிந்தால் 21 மாதத்திலும் நிரந்தர வசிப்பு கேட்கலாம். மொழி படித்தால் ஆறு மாதம் மிச்சம்.

வேலை கிடைக்கவில்லை, போய்த் தேட வேண்டும் என்பவர்களுக்கு 2024 ஜூன் 1-இல் வந்த 'வாய்ப்பு அட்டை', அவர்கள் மொழியில் ஷான்சன்கார்ட்டே. ஒரு வருடம் தங்கி வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேரமும் பார்க்கலாம். ஆறு பாயின்ட் வேண்டும். 29 வயதுக்கு 2, ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவம் என்றால் 3, நல்ல ஆங்கிலத்துக்கு 1, ஆறு ஆகிவிட்டதா? சரி. ஆனால் மாதம் 1,091 யூரோ வீதம் ஒரு வருடத்துக்கு, அதாவது 13,092 யூரோவை முடக்கக் கணக்கில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும் (2025 கணக்கு). கடன் வாங்கி இதைச் செய்துவிட்டு வேலை கிடைக்காமல் திரும்புகிற நிலையையும் யோசித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் முன் 'அனபின்' என்ற அவர்களது தரவுத்தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு நேராக எச்+, அதாவது அங்கீகாரம் உண்டு, என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை, காசு கிடையாது. இதைப் பார்க்காமலே பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூர் எனக்குப் பழகிய ஊர், அதனால் கொஞ்சம் அதிகம் பேசுவேன். நான் போன காலத்தில் சம்பளமும் டிகிரியும் இருந்தால் இ பாஸ் பெரும்பாலும் வந்துவிடும். 2023 செப்டம்பரிலிருந்து 'காம்பஸ்' என்ற பாயின்ட் முறையும் சேர்ந்துவிட்டது. முதலில் சம்பளக் கோடு: 2025 தொடக்கத்திலிருந்து மாதம் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது ஏற ஏற இதுவும் ஏறி 45-இல் 10,700 வரை போகும். நிதித்துறைக்கு இன்னும் அதிகம். இதைத் தாண்டியபின் 40 பாயின்ட் எடுக்க வேண்டும். உங்கள் சம்பளம், உங்கள் படிப்பு, கம்பெனியில் எத்தனை நாட்டுக்காரர்கள் கலந்திருக்கிறார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறார்கள் என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20.

இதில் மூன்றாவது தலைப்புதான் நம் ஆட்களின் காலை வாரிவிடும். கம்பெனியின் மேல்மட்ட ஊழியர்களில் கால்வாசிக்கு மேல் ஏற்கெனவே இந்தியர்கள் என்றால், அடுத்து வரும் இந்தியருக்கு அங்கே பூஜ்யம். ஐந்து சதவீதத்துக்கும் கீழே என்றால் 20. 'நம்ம ஊர்க்காரர் நிறைய பேர் இருக்காங்க, சிபாரிசு கிடைக்கும்' என்று நாம் ஓடுகிற கம்பெனியிலேயே பாஸ் கிடைப்பது கஷ்டம். பரங்கிப்பேட்டை மாமாவின் சிபாரிசைவிட, நம் ஆட்களே இல்லாத ஜப்பானியக் கம்பெனிக்கு நீங்களாக அனுப்பும் ஒரு பயோடேட்டாவுக்கு இப்போது மதிப்பு அதிகம். 25 பேருக்குக் குறைவான மேல்மட்ட ஊழியர் உள்ள சின்னக் கம்பெனிக்கு இந்த மூன்றாவது, நான்காவது தலைப்புகளில் தலா 10 தானாகக் கிடைத்துவிடும் என்பது ஒரு ஆறுதல்.

பிரிட்டன்: 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்டு ஒர்க்கர் சம்பளக் கோடு வருடம் 41,700 பவுண்டு. மருத்துவக் கட்டணமாகத் தலைக்கு வருடம் 1,035 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். முதியோரைக் கவனிக்கும் 'கேர் ஒர்க்கர்' வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை அதே தேதியில் மூடிவிட்டார்கள். அந்த விசாவை இப்போதும் விற்கிற ஏஜென்ட் உண்டு, காதில் வாங்காதீர்கள். 30 வயது வரையுள்ள பட்டதாரிகள், இந்தியர்களுக்கென்று வருடம் 3,000 இடம் உள்ள இளம் தொழில்முறையாளர் திட்டத்தில் பெயர் போட்டு வைக்கலாம். குலுக்கல்தான், ஆனால் குலுக்கலில் சேரக் காசு இல்லை.

அமெரிக்காவின் எச்1பி வருடத்துக்கு 65,000, அங்கே முதுகலை படித்தவர்களுக்கு மேலும் 20,000. 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் ஆளுக்குக் கம்பெனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று ஆணை வந்தது. இங்கே கடலூரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காக அவ்வளவு கட்டும் கம்பெனி அபூர்வம். அதே நேரத்தில் சீனா 2025 அக்டோபர் 1 முதல் இளம் விஞ்ஞானிகளுக்கு 'கே' விசா என்று ஒன்றைத் திறந்தது. ஒருவர் கடை சாத்தினால் எதிர்க்கடையில் விளக்குப் போடுகிறார்கள்.

ஆஸ்திரேலியாவுக்குக் குறைந்தது 65 பாயின்ட், ஆனால் 65-ஐ வைத்துக்கொண்டு அழைப்பு வரும் என்று இருக்காதீர்கள். அங்கே நமக்கென்று ஒரு சலுகை இருக்கிறது. 'நாட்டி சிசிஎல்' என்ற மொழிபெயர்ப்புத் தேர்வில் தமிழும் உண்டு, தேறினால் 5 பாயின்ட். தமிழுக்கு மார்க் கொடுக்கும் விசா இது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து. ஆங்கில மீடியத்தில் படித்து, 'வாடகை ஒப்பந்தம்', 'ரத்த அழுத்தம்' எல்லாம் தமிழில் வராமல் திணறித் தோற்றவர்களும் உண்டு, அலட்சியம் வேண்டாம். ஜப்பான் 2012 முதல் உயர்திறனாளர்களுக்குப் பாயின்ட் போடுகிறது. 70 இருந்தால் மூன்று வருடத்திலும், 80 இருந்தால் ஒரே வருடத்திலும் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அமீரகத்தின் கோல்டன் விசா திறமையாளர் பிரிவுக்கு மாதச் சம்பளம் 30,000 திர்ஹாம் வேண்டும், அதனால் முதல் தடவை போகிறவர்களுக்கு அது இல்லை.

காகிதம்: இங்கேதான் பாதிப் பேர் விழுகிறார்கள்

முதலில் பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். டிகிரியில் 'எஸ். கார்த்திகேயன்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திகேயன் சுப்ரமணியன்', ஆதாரில் 'கார்த்திகேயன் எஸ்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள், வெளிநாட்டு அதிகாரிக்கு மூன்று ஆள். பாஸ்போர்ட் புதிதாக எடுக்கிறவர்கள் 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், அப்பா பெயரை முழுதாகப் போடுங்கள். ஒற்றைப் பெயரோடு அமெரிக்க விசா வாங்கினால் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அச்சடித்துவிடுவார்கள். என் நண்பன் ஒருவனை அலுவலகத்தில் ஒரு மாதம் 'ஃபனு' என்றே கூப்பிட்டார்கள். ஏற்கெனவே பெயர் மாறியிருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வையுங்கள்.

அடுத்து டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பாடவாரியான மதிப்பெண் விவரம். கனடாவுக்குப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டும் அல்லது முத்திரையிட்ட கவரில் வர வேண்டும் என்கின்றன. டிகிரியில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். பிள்ளைச்சாவடியில் உள்ள பழைய பொறியியல் கல்லூரி 2020-இல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அதற்கு முன் படித்தவர்களின் டிகிரியைக் கொடுத்தது காலாப்பட்டில் இருக்கும் பல்கலைக்கழகம், அதனால் ஃபார்மிலும் அந்தப் பெயரைத்தான் எழுத வேண்டும்.

முத்திரையிட்ட கவரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தெரிந்த பெண் ஒருத்தி அலைந்து திரிந்து கவரை வாங்கி வந்து வீட்டில் வைத்தாள். சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்ட அவள் அம்மா, நல்லது நடக்கட்டும் என்று கவரைப் பிரித்து உள்ளே இருந்த தாள்களின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டார். முத்திரை உடைந்த கவர் செல்லாது. மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், மறுபடி ஒன்றரை மாதம். மஞ்சளை ஜெராக்ஸ் காப்பிக்குத் தடவச் சொல்லுங்கள்.

மூன்றாவது அனுபவக் கடிதம். நான் முதலில் வேலை பார்த்த கம்பெனி எனக்குக் கொடுத்த கடிதம் இரண்டே வரி: இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இருந்தார், நடத்தை நன்று. அதை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியவில்லை. மறுபடி போய்க் கேட்டபோது அங்கிருந்த மேலாளர் மாறிவிட்டார், புதியவர் "பழைய ஆளுக்கெல்லாம் கொடுக்கிறதில்ல" என்று கையை விரித்துவிட்டார். அதனால் வேலையை விடுகிற அன்றே வாங்குங்கள். பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், செய்த வேலைகள் ஐந்தாறு வரியில், கையெழுத்துப் போட்டவரின் பெயர், பதவி, தொடர்பு எண், இவ்வளவும் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். 'சீனியர் எக்ஸிகியூட்டிவ்' என்ற பட்டத்தை வைத்து அவர்களுக்கு ஒன்றும் புரியாது, என்ன செய்தீர்கள் என்பதுதான் அவர்களது தொழில் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். அந்தப் பட்டியலின் வரிகளை அப்படியே பார்த்து எழுதிவிடாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். கூடவே பே ஸ்லிப், ஃபார்ம் 16, சம்பளம் ஏறிய வங்கிப் பக்கங்கள்.

சான்றிதழுக்கு அரசு அத்தாட்சி கேட்கும் நாடுகளும் உண்டு, வளைகுடா நாடுகள் முக்கியமாக. சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்கியதோ அந்த மாநில அத்தாட்சி முதலில், பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு தேவைப்பட்டால் தூதரகம். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரியில் படித்த கடலூர்ப் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். வீடு தமிழ்நாட்டில் இருந்தாலும் டிகிரிக்கான அத்தாட்சி வேலை அந்தப் பக்கம்தான்.

பணம். கனடாவுக்குத் தனி ஆள் 15,263 கனடா டாலர் காட்ட வேண்டும் (2025 ஜூலைக் கணக்கு), அதுவும் ஆறு மாதச் சராசரியோடு. சித்தப்பா பத்து நாளைக்குப் போட்டு எடுக்கும் பணம் இதற்கு உதவாது, கடன் வாங்கிய பணத்தையும் ஏற்கமாட்டார்கள். அப்பா அம்மா அன்பளிப்பாகக் கொடுத்தால் அதற்கு ஒரு கடிதம் எழுதி வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் வேண்டுமா?

வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 'இ-மைக்ரேட்' தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978 முதல் சென்னையில் நடத்துகிறது, நர்ஸ்கள் முதலில் அங்கே விசாரியுங்கள்.

கனடா, ஆஸ்திரேலியா பி.ஆர். (நிரந்தர வசிப்பு) ஆலோசகர்கள் வேறு ரகம். அவர்களுக்கு அந்தந்த நாட்டில் உரிமம் வேண்டும், உரிம எண்ணைக் கேட்டு அந்நாட்டுப் பதிவேட்டில் பார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றினால் விஷயம் முடிந்தது. என்னைக் கேட்டால், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பட்டதாரிக்கு இதில் ஏஜென்ட்டே தேவையில்லை. ஐந்தாறு சனிக்கிழமையை ஒதுக்கினால் நீங்களே செய்துவிடலாம்.

விண்ணப்பம் போன பிறகு

கனடாவிலிருந்து அழைப்பு வந்தால் 60 நாள்தான். போலீஸ் சான்றிதழ், மெடிக்கல், எல்லாம் அதற்குள். பாஸ்போர்ட் சேவா வழியாக எடுக்கும் போலீஸ் சான்றிதழுக்கு, பாஸ்போர்ட்டில் பழைய வாடகை வீட்டு முகவரி இருந்தால் சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போகும். அழைப்புக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே முகவரியை மாற்றிவிடுங்கள்.

நிராகரித்துவிட்டால்? நடக்கும். கடிதத்தில் காரணம் எழுதியிருப்பார்கள், அதைச் சரிசெய்து மறுபடி போடலாம். மறைப்பதுதான் ஆபத்து. திருப்பாதிரிப்புலியூர்ப் பையன் ஒருவனுக்கு 2019-இல் மாணவர் விசா ஒன்று மறுக்கப்பட்டிருந்தது. வேறு நாட்டு ஃபார்மில் 'இதற்கு முன் எந்த நாடாவது விசா மறுத்ததுண்டா' என்ற கேள்விக்கு, ஏஜென்ட் சொன்னதைக் கேட்டு 'இல்லை' என்று டிக் அடிக்கப் போனான். நல்லவேளை, அனுப்பும் முன் என்னிடம் காட்டினான். பொய்த் தகவல் என்று முடிவானால் கனடா ஐந்து வருடம் தடை போடும், பிரிட்டன் பத்து வருடம் வரை. 'ஆம்' என்று அடித்து, நான்கு வரியில் விளக்கம் எழுதி, பழைய கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்பினோம். விசா வந்தது. ஆனால் அந்தப் பழைய கடிதத்தைத் தேடி எடுக்கத்தான் இரண்டு நாள் ஆனது, அவன் அப்பா கோபத்தில் அதை ரேஷன் கார்டு பைக்குள் செருகி வைத்திருந்தார். மறுப்புக் கடிதத்தையும் அதே பிளாஸ்டிக் ஃபைலில், தேதி எழுதி வையுங்கள்.